மேட்டுப்பக்கம் சாய்ந்தால் நிற்கும் வண்டி

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பேச வராது. நாலு பேர் கூடினால் பின்னால் போய் நின்றுகொள்கிறவன். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் எழுதும்போது யாரும் எதிரே நின்று முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் பேசுவதைவிட இது சுலபமாகவே இருக்கிறது.

வயர் வேலை செய்வது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் போனில் என்னைவிட நன்றாகக் காட்டுகிறார்கள். விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பட்டறையை விட்ட பிறகு, நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் மறந்துவிட்டன. ஒரு வண்டி மட்டும் மறக்கவில்லை. கொல்லிமலையில் ஒரு சாய்வான புல்வெளியில் நின்றுபோன, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி. அதைச் சொல்கிறேன்.

அப்போது என் பட்டறை மலையடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் இருந்தது. டிராக்டர், பவர் டில்லர், தண்ணீர் இறைக்கும் என்ஜின் என்று எது வந்தாலும் வயர் கோளாறு என்றால் என்னிடம் வரும். ஒரு நாள் காலையில் மலைமேல் இருக்கும் ஒரு தங்கும் விடுதியின் மேனேஜர் போன் செய்தார்.

"புல்லு வெட்டற வண்டிங்க. ஓடிட்டு இருக்கறப்பவே நின்னு போயிருது. நாளைக்கு இங்க கல்யாண வரவேற்பு. புல்வெளி முழுக்க இன்னைக்கே வெட்டியாகணும். வர முடியுமாங்க?"

போனில் எனக்கு வாயில் வரும் ஒரே சொல் "சரிங்க". பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, மலைமேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊரில் இறங்கினேன். பலாப்பழக் கடைகளுக்கு அந்தப் பக்கம் விடுதியின் ஜீப் நின்றிருந்தது.

விடுதிக் கட்டடத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம் சமமாக இருந்தது. மற்றதெல்லாம் சரிவு. கீழே மிளகுக்கொடி ஏறிய மரங்கள் வரைக்கும் புல் அலையாக இறங்கியது. சரிவின் நடுவில் அந்தச் சிவப்பு வண்டி நின்றிருந்தது. அதன் பக்கத்தில், வண்டி உருண்டுவிடுமோ என்பதுபோல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இன்னும் கீழே, ஓரங்களில், நாலைந்து பெண்கள் அரிவாளால் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, நீங்கதான் மெக்கானிக்குங்களா?" என்றாள் வண்டியருகே நின்றவள்.

தலையை ஆட்டினேன்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்கண்ணா. தானா நின்னுருச்சு."

அவள் பெயர் வெள்ளையம்மா. கொல்லிமலையிலேயே இருக்கும் குண்டூர் நாட்டுக்காரி. அந்த விடுதியில் பல வருஷமாக அரிவாளால் புல் அறுத்தவள். வண்டி வந்ததும் தானாகப் போய்க் கேட்டு ஓட்டக் கற்றுக்கொண்டாளாம்.

மேனேஜர் இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்று அவருக்குத் தலைக்கு மேல் வேலை. பந்தல்காரர்கள் ஒரு பக்கம், சமையல்காரர்கள் ஒரு பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஓட்டினா ஓடுதுங்க. வாட்ச்மேன் ஓட்டினாலும் ஓடுது. இந்தம்மா ஓட்டினாத்தான் நிக்குது. மதியத்துக்குள்ள சரி ஆகலீன்னா ராசிபுரத்துல இருந்து ஒரு டிரைவர் வாரேன்னு சொல்லியிருக்காரு. வந்தாருன்னா அவரையே வெச்சுக்குவேன். இந்தம்மா பழையபடி அருவாளுக்குப் போகட்டும். எனக்கு வேற வழி தெரியலீங்க."

வாட்ச்மேன் பக்கத்தில் நின்றார். முன்பு லாரியில் இருந்தவராம். "அவ உக்காந்தா வண்டி என்னங்க, அருவியே நின்னுரும்" என்றார்.

"நீங்க வாய மூடுனா எல்லாம் ஓடும் மாமா" என்றாள் வெள்ளையம்மா. அரிவாளோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். வாட்ச்மேன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். உடனே பிடித்துக்கொண்டது. சரிவில் நேராக மேலே ஏற்றிக் கொட்டகை வாசலில் விட்டார். ஒரு தும்மல்கூட இல்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நான் வண்டியைச் சுற்றி உட்கார்ந்து வேலையைத் தொடங்கியபோது வெள்ளையம்மா வந்து தூணோரம் நின்றாள். மெல்லச் சொன்னாள். "பொறந்ததுல இருந்து குனிஞ்சேதான் புல்லு அறுத்தேனுங்க. இப்பத்தான் உக்காந்து அறுக்கறேன். அந்தச் சீட்டுப் போச்சுன்னா மறுபடியும் குனியணும்."

பேட்டரியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

இங்கே தொழில் சம்பந்தமாக ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். லாரியும் டிராக்டரும் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஓடுகிற வண்டி நின்றால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். இந்த மாதிரி பெட்ரோல் என்ஜினில் அதற்கு நேர்மாறு. என்ஜினை நிறுத்துவதற்கென்றே, பொறி கொடுக்கும் காயிலில் இருந்து ஒரு வயர் வரும். அது வண்டியின் உடம்பில் பட்டால் நெருப்புப் பொறி நின்றுவிடும், என்ஜினும் நின்றுவிடும். அதனால் அறுந்த இடத்தைத் தேடாமல் உரசுகிற இடத்தைத் தேடினேன்.

அகப்பட்டது. என்ஜின் மூடிக்கு அடியில், சட்டத்தின் விளிம்பில் அந்த வயர் தேய்ந்து தேய்ந்து செம்பு பளிச்சென்று தெரிந்தது. வண்டி குலுங்கும்போது பட்டிருக்கும், நின்றிருக்கும். இதைவிடத் தெளிவாக ஒரு கோளாறு கிடைக்காது. தேய்ந்த இடத்துக்குக் குழாய் மாட்டி, விளிம்பில் படாதபடி விலக்கிக் கட்டினேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். உட்கார்ந்தால் ஒரு மாதிரி, எழுந்தால் ஒரு மாதிரி, ஒழுங்காக வேலை செய்தது. துருப்பிடித்த முனைகளைச் சுரண்டி எல்லாவற்றையும் திரும்ப இணைத்தேன். கொட்டகைக்கு முன்னால் சம நிலத்தில் நானே ஏறி வட்டமாக ஓட்டினேன். பிளேடையும் சுற்றவிட்டேன். பந்தல்காரர்கள் திட்டும்வரை ஓட்டினேன். நிற்கவே இல்லை.

"ஆச்சுங்க" என்றேன் மேனேஜரிடம். எனக்கு அது பெரிய பேச்சு.

வெள்ளையம்மா ஏறினாள். சரிவில் இறங்கினாள். விட்ட இடத்தில் இருந்து வரிசை பிடித்து வெட்டத் தொடங்கினாள். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் சட்டென்று நின்றது.

"நின்னுருச்சுங்கண்ணா" என்று கீழே இருந்து குரல் வந்தது.

கண்ணில் பட்ட கோளாறும் வண்டியை நிறுத்தும் கோளாறும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் கண்டுபிடித்ததும் உண்மையான கோளாறுதான். என்றைக்காவது ஒரு நாள் தொல்லை கொடுத்திருக்கும். ஆனால் அன்றைய தொல்லை அது இல்லை. முதலில் அகப்படுவது நம்மைச் சந்தோஷப்படுத்திவிடும். சந்தோஷம் வந்தவுடன் தேடுவதை நிறுத்திவிடுவோம். இதை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் போனைக் கையில் எடுத்துவிட்டார். "அப்ப வண்டில கோளாறு இல்லீங்க. ஆளுதான் சரியில்ல. நான் அந்த டிரைவரை வரச் சொல்லிடறேன்."

வாட்ச்மேன் என் காதோரம் வந்தார். "எதுக்குங்க இத்தன பாடு? சீட்டுக்கு அடியில இருக்கற வயரை டைரக்ட் பண்ணி உட்டுடுங்க. லாரில நாங்க பண்ணாததா?"

வெள்ளையம்மா மூச்சிரைக்க மேலே ஏறி வந்திருந்தாள். அது அவள் காதில் விழுந்துவிட்டது. "அப்பிடிப் பண்ணினா நிக்காதுங்களா?"

"எங்கிருந்து நிக்கும்? ஆளே இல்லீன்னாலும் ஓடும்" என்றார் வாட்ச்மேன்.

"அப்பப் பண்ணி உட்டுடுங்கண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டைரக்ட் பண்ணுவது, அதாவது சுவிட்ச் வேலை செய்யாதபடி வயரை மாற்றிக் கட்டிவிடுவது, நம் தொழிலில் தினமும் நடப்பதுதான். மலைக்கு மேலே பார்ட்ஸ் கிடைக்காது, வண்டிக்காரர் அவசரப்படுவார், நாமும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரு துண்டு வயர் போதும். அவளுக்கு வேலை மிஞ்சும், மேனேஜருக்குப் புல் வெட்டி முடியும், எனக்கு நல்ல பெயர். மூன்று பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழக்கம் கிடையாது.

ஆனால் அந்த வண்டியை அடியில் படுத்துப் பார்த்தவன் நான். பிளேடு எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். சரிவில் கவிழ்ந்த டிராக்டர்களை நிமிர்த்த எங்கள் அடிவாரத்தில் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார்கள். சீட்டில் ஆள் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சுவிட்சை அங்கே வைத்திருக்கிறார்கள்.

"இல்லீங்க. அதைப் பண்ண மாட்டேன்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

வெள்ளையம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "ஏனுங்க?"

"அம்மணி, நீங்க சரிவுல வழுக்கி உழுந்தீங்கன்னா, அடியில பிளேடு சுத்திட்டே இருக்கும்."

"நான் எதுக்கு உழறேன்?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கீழ்நாட்டு ஆளுங்கதான் உழுவாங்க. நான் மலைக்காரிங்க. வண்டி பள்ளத்துப் பக்கம் சாஞ்சா நான் மேட்டுப்பக்கம் சாஞ்சுக்குவேன். நடக்கறதே அப்பிடித்தான். ஓட்டறதும் அப்பிடித்தான்."

"என்ன சொன்னீங்க?"

"மேட்டுப்பக்கம் சாஞ்சுக்குவேன்னு சொன்னேன்."

காலையில் இருந்து நான் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவளை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அறிமுகம் இல்லாத பெண்ணை உட்காரச் சொல்லி, எப்படி உட்காருகிறாள் என்று பார்ப்பது எனக்குக் கூச்சமான காரியம். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதுவும் சம நிலத்தில்.

"கொஞ்சம் பொறுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். அப்போதுதான் அவள் வெட்டியிருந்த வரிசைகள் கண்ணில் பட்டன. சரிவுக்குக் குறுக்கே, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஏர் ஓட்டிய சால் போலவே நேர்த்தியாக இருந்தன.

வண்டியில் ஏறினேன். அவள் விட்ட வரிசையிலேயே குறுக்கே ஓட்டினேன். வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே என் உடம்பு மேட்டுப்பக்கம் ஒதுங்கியது. ஒரு பக்கத்து இடுப்பு சீட்டை விட்டு எழும்பியதை நன்றாக உணர்ந்தேன். அந்தக் கணமே என்ஜின் நின்றது.

வண்டி நின்றுபோய் ஒரு மெக்கானிக் சந்தோஷப்பட்டான் என்றால் அது அன்றைக்குத்தான்.

"எனக்கும் நின்னுருச்சுங்க" என்று மேலே பார்த்துக் கத்தினேன். நான் அப்படிக் கத்துகிறவன் இல்லை. வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மேனேஜர் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சுவிட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆள் எழுந்துவிட்டார் என்று நினைத்து நிறுத்துகிறது. குறுக்கே ஓட்டினால் யாராக இருந்தாலும் சாய்வார்கள். வாட்ச்மேன் நேராக ஏற்றியதால் நிற்கவில்லை, மேனேஜர் சம நிலத்தில் மட்டும் ஓட்டியதால் நிற்கவில்லை.

"ஆமாங்க, நான் இந்தச் சரிவுக்கு வண்டியக் கொண்டாந்ததே இல்ல" என்றார் மேனேஜர். போன் இன்னும் கையில்தான் இருந்தது.

"அம்மணி, ஏன் குறுக்க ஓட்டறீங்க?" என்று கேட்டேன்.

இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள். "வேற எப்பிடி ஓட்டுவாங்க? எங்க காட்டுல சாமைக்கு ஏரு ஓட்டறப்ப மேலயும் கீழயும் ஓட்டுனா, ஒரு மழைக்கு மண்ணெல்லாம் பள்ளத்துக்குப் போயிரும். குறுக்கதான் ஓட்டணும். எங்கய்யன் அதுக்கே அடிப்பாரு."

அரிவாளோடு வந்து நின்ற ஒரு வயதான அம்மாவும் சேர்ந்துகொண்டார். "அவ சொல்றது நெசந்தான் சாமி. மேலயும் கீழயும் ஓட்டறவன் மலைக்காரனே இல்ல."

மலையில் விவசாயம் செய்கிறவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம். அது தப்பு என்று சொல்ல நான் யார்? கொஞ்சம் யோசித்து, "இந்த வண்டி மண்ணத் தொடறதில்லீங்களே" என்றேன்.

வெள்ளையம்மா குனிந்து புல்லைப் பார்த்தாள். வெட்டிய இடத்தில் காலால் அழுத்தித் தேய்த்தாள். வேர் அப்படியே மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அட, ஆமாங்க. இது மயிரு வெட்டற மாதிரிதானே. தோலு அப்பிடியே இருக்குது." பிறகு சரிவை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். "அப்ப நேரா ஏறி நேரா இறங்கலாம்."

சீட்டை யாரோ உயரமானவர்களுக்காகப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அவள் பெடலை எட்டுவதற்காக நுனியில் உட்கார்ந்திருந்தாள். அதையும் இப்போதுதான் கவனித்தேன். நெம்புகோலைத் தளர்த்திச் சீட்டை முன்னால் இழுத்தேன். நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னேன். பனி காய்ந்துவிட்டதா என்று புல்லைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மரங்களுக்குப் பக்கத்தில் செங்குத்தாக இறங்கும் ஓரத்துக்கு மட்டும் வண்டி போகக் கூடாது, அது அரிவாளுக்கு என்றேன். "அதுக்குத்தான நாங்க இருக்கறோம்" என்றார் அந்த அம்மா.

மேனேஜர் போனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஒருக்கா ஓட்டட்டும். நின்னுதுன்னா நான் கூப்பிட்டுருவேன்."

வெள்ளையம்மா சாவியைத் திருப்பினாள். வண்டியைத் திருப்பி, மூக்கை மேட்டைப் பார்த்து நிறுத்தினாள். பிளேடைச் சுற்றவிட்டாள். புறப்பட்டது.

நேராக மேலே போனாள். நிற்கவில்லை. மேலே சமத்தில் திரும்பினாள். இப்போது முகம் பள்ளத்தைப் பார்த்து இருந்தது. நேராக இறங்கி வெட்டுவது அவள் பிறந்ததில் இருந்து செய்யாத காரியம். ஒரு கணம் வண்டியின் வேகம் குறைந்தது. என் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் முதுகைச் சீட்டோடு சேர்த்து வைப்பது தெரிந்தது. நேராக, மெதுவாக, எங்களைப் பார்த்து இறங்கி வந்தாள். சத்தம் ஒரே சீராக வந்தது. எங்களைக் கடந்தபோது திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. கண் முழுக்கப் புல்மேல் இருந்தது.

மறுபடி ஏறினாள், இறங்கினாள். பெண்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள். பந்தல்காரர்கள் கம்பத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள். வாட்ச்மேன் ஒவ்வொரு திருப்பத்திலும் "இப்ப நிக்கும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாதிப் புல்வெளி முடிந்ததும், "நல்லாத்தான் ஓட்டறா" என்றார்.

"நின்னுரும்னு சொன்னீங்களே" என்று கேட்டார் அந்த வயதான அம்மா.

"நின்னுது. என் வாய்தான் நின்னுது" என்றார்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் சரிவில் பாதிக்கு மேல் வெட்டி முடிந்திருந்தது. குறுக்கு வரிசைகள் எல்லாம் மறைந்து, மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடுகள் இறங்கின. மேனேஜர் போனைக் காதில் வைத்தார். ராசிபுரத்து டிரைவரிடம் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"வர வேண்டாமுங்க. எங்ககிட்ட டிரைவர் இருக்காங்க."

அதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டதை அவள் மேலிருந்தே பார்த்துவிட்டாள்.

கடைசி வரிசையை வெட்டிக்கொண்டு மேலே வந்தாள். பெண்கள் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். வெள்ளையம்மாவும் சந்தோஷம் தாங்காமல் சீட்டில் இருந்து எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

என்ஜின் நின்றது. பிளேடும் நின்றது. மலை முழுவதும் அமைதியானது போல் இருந்தது.

ஒரு கணம் திகைத்துப் போனாள். பிறகு தான் நிற்பதைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பு பொங்கி வந்துவிட்டது. மேனேஜர் சிரித்தார், பந்தல்காரர்கள் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

"நின்னுருச்சுங்கண்ணா" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். "நீங்க டைரக்ட் பண்ணாம உட்ட சுவிட்சு நல்லாத்தான் வேல செய்யுது."

உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டியைக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.